எல்லைக்கல்லுக்கு வெளியே வளர்ந்த கும்பகோணம்

வியாழன், தஞ்சாவூர்

1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கும்பகோணம் கோயம்புத்தூரைவிடப் பெரிய ஊர். கும்பகோணத்தில் சுமார் 60 ஆயிரம் பேர், தஞ்சாவூரில் 58 ஆயிரத்தை ஒட்டி, கோயம்புத்தூரில் 53 ஆயிரம். 2011-இல் கோயம்புத்தூர் மாநகராட்சி 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தஞ்சாவூர் 2 லட்சத்து 22 ஆயிரம். கும்பகோணம் 1 லட்சத்து 40 ஆயிரம். அதற்குப் பத்து ஆண்டு முன்பு எடுத்த கணக்கிலும் கும்பகோணத்துக்கு அதே 1 லட்சத்து 40 ஆயிரம்தான். 1991-இலும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

கும்பகோணத்துக்குப் போன எவரும் இதை நம்பமாட்டார்கள். முகூர்த்த நாளில் கும்பேஸ்வரர் கோயில் கடைத்தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஊர் பிதுங்குகிறது என்று கண் சொல்கிறது, ஊர் நின்றுவிட்டது என்று கணக்கு சொல்கிறது. இரண்டில் எது சரி என்று நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம். பார்த்ததை அன்றன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இன்று முழுதும் தஞ்சாவூர். பெரிய கோயிலை ஒட்டி ஓடும் புது ஆற்றைத் தாண்டித் தென்மேற்கே போனால் நிலம் மெல்ல மேடாகிறது. வண்டல் போய்ச் செம்மண் வருகிறது. மருத்துவக் கல்லூரி, 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், வல்லம் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் இந்த மேட்டில்தான். ஆட்டோக்காரர் ஒரே வரியில் சொன்னார்: "அந்தப் பக்கம் மேடு சார், மழைக்குத் தண்ணி நிக்காது, எவ்வளவு வேணும்னாலும் கட்டிக்கலாம்." டெல்டாவின் தலைமாட்டில் இருப்பதால் தஞ்சாவூருக்கு வளர்வதற்குப் புஞ்சை கிடைத்தது. கும்பகோணத்துக்கு அந்த வசதி இல்லை. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, சுற்றிலும் நஞ்சை. அங்கே ஒரு வீடு கூடுதலாக எழ வேண்டுமென்றால் ஒரு வயல் போகத்தான் வேண்டும்.

வெள்ளி, ராஜகிரி வழியாக

கும்பகோணம் பேருந்தில் ஏறிப் பாதியில் ராஜகிரியில் இறங்கினேன். ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என்று இந்தப் பாதையில் வரிசையாக வரும் ஊர்களில் வெளிநாடு போகாத குடும்பத்தைத் தேட வேண்டும். பள்ளிவாசல் பக்கம் டீக்கடை பெஞ்சில் இருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எண்பதைத் தாண்டியவர். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்.

"டெக்குலதான் தம்பி படுக்கை. பாயி, பானை, ஊறுகாய் எல்லாம் நாமளே கொண்டு போவணும். ஏழெட்டு நாளு தண்ணிதான். நான் சபர் போயிட்டுத் திரும்பி வந்தப்ப மூத்த மவன் என்னையப் பாத்து அழுவுறான், யாரோன்னு."

அவருடைய மகன்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் மட்டும் சென்னையில். வீட்டில் இப்போது பெரியவரும் அவர் மனைவியும். மாடியைப் பூட்டிவைத்திருக்கிறார்கள்.

"வீடு கட்டுனது புள்ளைவளுக்குன்னுதான். வந்தா ஒரு மாசம் இருப்பாங்க பாய்," என்று பக்கத்தில் இருந்தவர் அவரைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார். பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் 2011-இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,035 பெண்கள். மாநிலச் சராசரி 996. நீலகிரிக்கு அடுத்தபடி இங்கேதான் அதிகம். பெண் குழந்தைகள் அதிகம் பிறந்து வந்த எண் இல்லை இது. எண்ண வந்த நாளில் ஆண்கள் வீட்டில் இல்லை. கணக்கெடுப்புக் காலம் முழுக்க வெளிநாட்டில் இருப்பவரை அந்த வீட்டுப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். அவர் அனுப்பிய பணத்தில் எழுந்த கட்டடம் மட்டும் வீட்டுக் கணக்கில் ஏறும்.

சனி, கும்பகோணத்துக்குள்

காலையில் சாரங்கபாணி சன்னதித் தெரு. கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இங்கேதான் நினைவில்லமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அக்ரகாரத் தெருக்களில் நடந்தேன்.

இந்த ஊர் நூறு ஆண்டுக்கு மேலாக ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. 1854-இல் தொடங்கிய அரசுக் கல்லூரிதான் அதற்கு முதல் வாசல். தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் எடுத்த கல்லூரி. படித்தவர்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போனார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் நில உச்சவரம்பு என்று வந்தபோது, நிலத்தை நம்பியிருந்த மிராசு குடும்பங்களும் விற்றுவிட்டுக் கிளம்பின. அவர்கள் விட்ட வீடுகளில் லாட்ஜும் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் வந்தன. இன்னும் விழாமல் நிற்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான்.

ஒரு திண்ணையில் ஒரு பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று இந்தத் தெருவிலிருந்து பின்தெருவரை ஓடும் வீடு.

"மூணு பசங்க. ஒருத்தன் பெங்களூர், ரெண்டு பேர் அமெரிக்கா. வா வான்னுதான் கூப்பிடறா. அங்க போய் நான் என்ன பண்ணப்போறேன் சொல்லுங்கோ? மத்தியானம் மெஸ்ஸுலேர்ந்து சாப்பாடு வந்துடறது. ராத்திரிக்கு இவ இருக்கா."

இவள் என்று அவர் காட்டியது துணைக்குத் தங்கியிருக்கும் ஒரு பெண்ணை. கொள்ளிடக்கரைக் கிராமம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பிள்ளைகள் ஊரில் இல்லாத இரண்டு பெண்கள் ஒரே கூரையில் ஒருவருக்கொருவர் துணை. பாட்டியின் மாத்திரை டப்பாவை அவர்தான் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைக்கிறார். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். 2031-இல் 18 பேருக்கு மேல் இருப்பார்கள் என்று ஒன்றிய அரசின் கணிப்பு சொல்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகூட இல்லை என்ற நிலைக்குத் தமிழ்நாடு வந்து இருபது ஆண்டு ஆகிவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8. டெல்டாவில் பிறப்பு குறைந்ததோடு இளவயதினர் வெளியேறுவதும் சேர்ந்துகொண்டது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் மாநிலம் 15.6 விழுக்காடு வளர்ந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டங்களும் ஒன்பதைத் தொடவில்லை. டெல்டாவின் முதுமை மாநிலத்தின் முதுமைக்குச் சில ஆண்டுகள் முன்னால் நடக்கிறது என்பதே என் எண்ணம். அதை இந்தத் தெருக்களில் கண்ணால் பார்க்கலாம். மருந்துக்கடைகளும் ரத்தப் பரிசோதனை நிலையங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய வீடுகளின் உயரப் படிகளில் புதிதாகக் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

மாலையில் காபி குடித்த இடத்தில் டவரா டம்ளரைக் கொண்டுவந்த பையன் அசாமைச் சேர்ந்தவன். "சர்க்கரை கம்மியா அண்ணா?" என்று தெளிவாகக் கேட்டான். ஆறேழு பேர் ஓர் அறையில் தங்கியிருக்கிறார்களாம். வார இறுதியில் நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிற கூட்டத்துக்குச் சமைப்பதும் பரிமாறுவதும் தங்கும் அறை துடைப்பதும் இந்தப் பிள்ளைகள்தான்.

வடக்கேயிருந்து வந்து குவிகிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டேன். கும்பகோணத்துக்கு வந்தேறுவது புதிதா? தாராசுரத்துச் சௌராஷ்டிரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்கள் நெய்த பட்டைத்தான் இந்த ஊர் தன் பெருமை என்று சொல்கிறது. தெலுங்கு பேசிய நாயக்கர்களும் மராட்டியரும் ஆண்ட மண் இது. அசாம் பையனின் பிள்ளை நாளை இங்கே தமிழ் மீடியத்தில் படித்தால் ஊருக்கு அது நல்லதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிறு, கும்பகோணத்துக்கு வெளியே

பழைய நகராட்சியின் பரப்பு சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். 1991 கணக்கிலேயே அதற்குள் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் நெருக்கியடித்துவிட்டார்கள். அதன்பிறகு உள்ளே வீடுகள் கடைகளாயின. குடும்பங்கள் எல்லைக்கு வெளியே போயின. எல்லைக்குள் எண்ணியவர்களுக்கு அதே எண் திரும்பத் திரும்பக் கிடைத்தது. கண்ணும் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய் சொல்லவில்லை. 2021-இல் மாநகராட்சி ஆக்கித் தாராசுரத்தைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு அதன் முதல் மேயராக வந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். மாநகராட்சி எல்லையையும் தாண்டி ஊர் போய்க்கொண்டிருக்கிறது.

வாடகை சைக்கிளில் செட்டிமண்டபம், பெருமாண்டி, பழவத்தான்கட்டளை என்று சுற்றினேன். வயலுக்கு நடுவே மனைக்கல். கல்லுக்கு நடுவே பச்சை நாற்றங்கால். ஏதோ ஒரு நகர் என்று அலங்கார வளைவு, அதற்குப் பின்னால் இரண்டே வீடு, அதற்கும் பின்னால் சம்பா நடவு. இங்கே வீடு கட்டுகிறவர்கள் யார் என்று விசாரித்ததில் ஒரே மாதிரியான பதில்கள்தான் கிடைத்தன. பாபநாசம், திருப்பனந்தாள் பக்கக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வந்தவர்கள், சென்னையில் வேலை முடித்துத் திரும்பிய ஓய்வூதியக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள். ஊர்க் கணக்கில் எதிலுமே சரியாக விழாதவர்கள் இவர்கள். கும்பகோணத்துக் குப்பையும் தண்ணீரும் போக்குவரத்தும் இவர்களுக்கும் சேர்த்து. பணமும் ஆளும் மட்டும் ஊராட்சி அளவுக்கு.

வாய்க்காலைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நஞ்சையை மனையாக்கும்போது மண்ணடித்து மேடாக்குகிறார்கள். பக்கத்து வயல் பள்ளமாகிவிடுகிறது. பாசன வாய்க்கால் ஒரு பக்கம் வந்து நிற்கும், வடிகால் இன்னொரு பக்கம் அடைபடும். மூன்று மா, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர், நிலம் வைத்திருக்கும் ஒருவர் காட்டினார். அவர் வயலுக்கு மேற்கே மனைப்பிரிவு, கிழக்கே கல்யாண மண்டபம். "ஐப்பசி மழைக்குத் தண்ணி வடியாது. நடவு அழுவிப் போவும். நான் விக்க வேணாம்னு இருக்கேன். ஆனா இந்தத் தண்ணி என்னைய விக்க வெச்சிரும் போலருக்கு." 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டார்கள். எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்கள் புதிதாக வராமல் அது தடுக்கிறது. வீட்டுமனையை அது தொடவில்லை.

நடவு நடந்த ஒரு வயலில் இரண்டு மணி நேரம் இருந்தேன். கயிறு கட்டி, வரிசை பிடித்து, ஆண்களே நடுகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். விடிவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி. மோட்டார் கொட்டகையில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அடுத்த வரப்பில் நம்மூர்ப் பெண்கள் ஐந்தாறு பேர் நாற்று முடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுக்குக் குறைந்தவர் அதில் யாருமில்லை.

"எங்க புள்ளைவல்லாம் சேத்துல எறங்காதுவ. நாங்கதான் எறங்க வேணாம்னு சொன்னோம்," என்றார் ஓர் அம்மா. "இதுவளும் பாவம், புள்ளகுட்டிய விட்டுட்டு வந்துருக்குதுவ. மொதநாளு ஒருத்தனுக்குக் காய்ச்ச. நான்தான் கஞ்சி காச்சிக் குடுத்தேன்."

இதே டெல்டாவில் வெளியாளை வயலில் இறக்குவது என்பது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினை. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டவர்களை ஒடுக்க நிலவுடைமையாளர்கள் வெளியூர் ஆட்களை இறக்கிய பகை முற்றித்தான், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அந்த விவசாயத் தொழிலாளிகளின் பேரன்கள் இன்று பொறியியல் படித்திருக்கிறார்கள், திருப்பூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் சேற்றை விட்டுப் போனது இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய நல்ல மாற்றம். அதைக் குறையாகச் சொல்கிற எவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த இடத்தில் வந்து குனிந்து நிற்பவருக்குக் கூலி முழுதாகக் கைக்குப் போகிறதா, இடைத்தரகர் எவ்வளவு எடுக்கிறார், காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது என்று கேட்க ஒரு சங்கம் இன்று இல்லை. வேறு மாநிலக் குடும்ப அட்டைக்கும் இங்கே ரேஷன் அரிசி வாங்கலாம் என்பது 2020 அக்டோபரிலிருந்து நடைமுறை. அந்த வயலில் நான் கேட்ட யாருக்கும் அது தெரியாது. மேஸ்திரி மூலமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கள், மயிலாடுதுறை

இங்கே அரை நாள்தான். 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை மாநிலத்தின் 38-ஆவது மாவட்டம். ஒருகாலத்தில் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. 1991-இல் நாகப்பட்டினம், 1997-இல் திருவாரூர், பிறகு இது. மன்னம்பந்தலில் புதிய ஆட்சியர் அலுவலகம் எழுந்து நிற்கிறது. 2011-இல் 85 ஆயிரம் பேர் இருந்த நகராட்சி, ஒரு மாவட்டத்துக்கு வேண்டிய அதிகாரிகள், ஊழியர்கள், வழக்கறிஞர்கள், அவர்களுடைய குடும்பங்கள் எல்லோருக்கும் சட்டென்று வீடு தேட வேண்டியதாயிற்று. இரண்டு அறை வீட்டு வாடகை கேட்டு அசந்துபோனேன். மணிக்கூண்டுப் பக்கம் தேங்காய்க் கடைக்காரர், தன் மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக வீடு கிடைக்காமல் அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். ஆட்சியர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம் என்று அலைந்தவர்களுக்கு நாகப்பட்டினம் போகும் செலவு மிச்சம் என்பதையும் அவரே சொன்னார்.

செவ்வாய், திருவாரூர்

தெப்பக்குளக் கரைத் தெரு ஒன்றில், 2011-இல் கணக்கெடுப்பாளராக வேலை பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நண்பர் ஒருவர் வழிசொல்லி அனுப்பினார். டீச்சர் என்றுதான் தெருவே கூப்பிடுகிறது. நான் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, டீச்சர் தாளில் குறித்துக்கொண்டார்.

"அப்ப பிப்ரவரி 9-லேருந்து 28 வரைக்கும் எடுத்தோம் தம்பி. மாசி மாசம். சம்பா அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சு கெடக்கும். நீங்க பாத்தீங்களே நடவாளுங்க, அவங்க அப்ப அவங்க ஊர்ல இருப்பாங்க. இங்க ஒரு பேரு விழாது."

அடுத்த கணக்கெடுப்புக்கும் கணக்கு நாள் 2027 மார்ச் 1. அதே மாசி. டெல்டாவில் ஆள் குறைவாக இருக்கும் மாதம் அது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போய், பதினாறு ஆண்டுக்குப் பிறகு வரும் முதல் எண்ணிக்கை இது. அதற்கு அடுத்த ஆண்டு 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம். 1992 மகாமகத்தில் நெரிசலில் சிக்கி உயிரிழந்தவர்களை இந்தப் பக்கத்து ஜனம் மறக்கவில்லை. எல்லைக்குள் 1 லட்சத்து 40 ஆயிரம் என்ற பழைய எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீரும் கழிப்பறையும் சாலையும் திட்டமிட்டால் முதல் நாளே போதாது. சுற்று ஊராட்சிகளையும் சேர்த்து ஒரே ஊராக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"எண்ணுறது கஷ்டமில்ல. கேக்குறதுலதான் இருக்கு," என்றார். "பூட்டுன வீடுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. பக்கத்து வீட்டுல கேக்கணும், எப்ப வருவாங்கன்னு. வயசானவங்க தனியா இருந்தா, பக்கத்துல யாரு இருக்கான்னு நான் என் நோட்டுல தனியா எழுதிவெச்சேன். அதுக்குப் படிவத்துல கட்டம் கெடையாது."

ஓட்டல் பிள்ளைகள் தங்கும் அறைகளைப் பற்றிக் கேட்டேன். டீச்சர் உடனே சொன்னார், அடுத்த முறை போகிறவர்களுக்குப் பயிற்சியில் தான் பேச வாய்ப்புக் கிடைத்தால் முதலில் சொல்லப்போவது அதுதான் என்று: பகலில் போகாதே, அறை பூட்டியிருக்கும். எட்டு மணிக்கும் போகாதே, அப்போது பந்தி நடக்கும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் போ, இந்தி தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, வாசலில் நின்று ஒருவனிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதே, உள்ளே போய் ஒவ்வொருவனிடமும் அவன் பெயரைக் கேட்டு எழுது.